இடைவெளிக்கு நாங்கள் பொறுப்பல்ல

காயில்காரருக்கு இணையத்தின் மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுக்குச் சுற்று எண்ணிக் காயில் கட்டித் தருவது அவர் தொழில். அதனால் வந்த பெயர்தான் அது. அந்த வேலைக்குக் கையும் கண்ணும் இருந்தால் போதும். உலகத்தில் என்ன நடக்கிறது என்பதை மோட்டார் கொண்டுவருகிறவர்களே சொல்லிவிடுவார்கள், கேட்காவிட்டாலும்.

அவருக்கு இணையம் வேண்டியிருந்தது ஒரே ஒருத்திக்காக. அவர் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சின்ன வயதிலேயே இரண்டு பேரும் சைகை மொழியில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் கற்று, மீதியைத் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் பத்து வார்த்தைக்கு மேல் தாண்டாத மனிதர், தங்கச்சியிடம் கையால் பேச உட்கார்ந்தால் ஊர்வம்பு மொத்தத்தையும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இப்போது அவள் கல்யாணமாகி, ரயிலில் ஒன்றரை நாள் போகிற தூரத்தில் இருந்தாள்.

காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றுபோனாலும் குரலாவது வரும். இவர்களுக்குப் படம்தான் குரல். காயில்காரர் வீட்டில், தூரத்து டவரிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலில், அந்தப் படம் எப்படி வரும் என்றால், முதலில் தங்கச்சியின் முகம் வரும். பிறகு கை வரும். கை ஒரு சைகையை ஆரம்பிக்கும். அதோடு சரி, அந்தரத்தில் நிற்கும். மறுபடி அசையும்போது அவள் அந்த விஷயத்தை முடித்து, அடுத்ததையும் முடித்து, அண்ணன் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று முறைத்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை 'குழந்தை எழுந்து நிற்கிறான்' என்று அவள் சொல்லப் போனது பாதியில் உறைந்து, 'குழந்தை விழுந்துவிட்டான்' என்று நின்றது. அன்றைக்கு அவர் கட்டின மோட்டார் தலைகீழாகச் சுற்றியது.

இந்த நிலைமையில்தான் தங்கச்சியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"அண்ணா, இன்னிக்கு உன்னைக் கூப்பிட்டான்."

பையனுக்குப் பதினோரு மாதம். காது நன்றாகக் கேட்கும், ஆனால் வீட்டில் பேச்செல்லாம் கையால் என்பதால் அவனுக்கு முதலில் வந்தது கைப்பேச்சு. அவர்கள் வீட்டில் 'மாமா' என்பதற்கு, இடது கையை முஷ்டி பிடித்து, அதைச் சுற்றி வலது ஆள்காட்டி விரலை ஓட்ட வேண்டும், கம்பி சுற்றுகிற மாதிரி. பையன் அதைச் செய்திருக்கிறான், தானாகவே.

ஒன்பது நாள் காயில்காரர் அதைப் பார்க்க முயன்றார். ஒன்பது நாளும் பையனின் இடது முஷ்டி மேலே வந்தது. விரல் வருவதற்குள் படம் நின்றது.

"எத்தனை நாளைக்கு அந்த முஷ்டியையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பீங்க?" என்றாள் அவர் மனைவி. "நேர்ல போகலாம்னா, இந்த விதைப்பு நேரத்துல தினம் ரெண்டு மோட்டார் எரியுது, ஊர் உங்களை விடாது. ஆபீஸ்ல போய்க் கேளுங்க. வாயில்லாத மனுஷனா நீங்க?"

"வாய் இருக்கு. நெட்டுதான் இல்ல," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அதிவேக இணைய ஆணையத்தின் வட்டார அலுவலகம் பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம். காத்திருப்பவர்களுக்கு நான்கு நீள பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பெஞ்சுகளுக்கு நேர் எதிரே சுவர் முழுக்க ஒரு வாசகம்: 'காத்திருக்கத் தேவையில்லாத உலகம்'. அதை எல்லாரும் மூன்று மணி நேரம் படித்தார்கள்.

திட்ட அலுவலர் கனிவான மனிதர். காயில்காரரின் ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, உங்க ஊரா? அது எங்க பெருமை சார். முழுமையாக இணைக்கப்பட்ட ஊர். மூணு வருஷமாச்சு." சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். "பாருங்க, பச்சையா இருக்கு."

"அது வயல் சார்."

"வரைபடத்துல வயல் வராது. பச்சைன்னா அதிவேகம்."

"எங்க வீட்ல படமே நகர மாட்டேங்குது சார்."

அலுவலர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "மூணு வருஷத்துல உங்க ஊர்லேர்ந்து ஒரு புகார்கூட வரலையே? பக்கத்து ஊர்லேர்ந்து தினம் நாலு வருது. அவங்களுக்கு ஓரளவுக்கு நெட் இருக்கு, அதனால குறை சொல்றாங்க. உங்க ஊர்ல திருப்தி நூறு சதவீதம்."

"புகார் கொடுக்கத்தான் சார் வந்திருக்கேன்."

"நேர்ல வாங்கறதில்ல. இணையத்துலதான் பதியணும்."

"அந்தப் பக்கமே திறக்க மாட்டேங்குது."

"திறக்காதுதான். வேகம் இல்லைன்னு புகார் பதிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேணும்."

"அந்த வேகம் இருந்தா நான் ஏன் சார் புகார் கொடுக்கப் போறேன்?"

"அதுதான் சார் பொய்ப் புகாரைத் தடுக்கற ஏற்பாடு," என்றார் அலுவலர், ஒரு நல்ல பூட்டைக் காட்டுகிறவர் மாதிரி. "சரி, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அந்த மூலையில பொதுமக்கள் கணினி இருக்கு. அதுல பதிஞ்சுக்குங்க."

காயில்காரர் பதிந்தார். மின்னல் மாதிரி பதிந்தது. பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேருவதற்குள் பதிலும் குறுஞ்செய்தியில் வந்துவிட்டது. புகார் எந்தக் கணினியிலிருந்து வந்ததோ அந்த இடத்தின் வேகத்தைச் சோதித்ததாகவும், அது வட்டார அலுவலகம் என்றும், அங்கே வேகம் மிகச் சிறப்பாக இருப்பதாகவும், புகார் மகிழ்ச்சியுடன் முடித்துவைக்கப்படுவதாகவும், இந்தச் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் அதில் இருந்தது. நட்சத்திரம் தருகிற பக்கம் திறக்கவில்லை. மறுநாள் காலை அவர் ஐந்து நட்சத்திரமும் தந்துவிட்டதாக நன்றி தெரிவித்து இன்னொரு செய்தி வந்தது.

அவர் விடவில்லை. அறுந்த கம்பியின் நுனியைத் தேடிப் பழகின கை அது. நான்கு தடவை பஸ் ஏறினார். ஐந்தாம் தடவை, அவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அலுவலர், ஒரு வேக ஆய்வாளரை அனுப்புவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆய்வாளர் சொன்ன தேதிக்கு இருபது நாள் கழித்து வந்தார். கையில் ஒரு கருப்புப் பெட்டி, கழுத்தில் மூன்று அடையாள அட்டை. ஊர்ப் பொதுக் கட்டடத்தின் சுவரில் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு குளவி தன் குடும்பத்தோடு இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் ஒரு கருவியை வைத்துப் பார்த்து, 'பெட்டி: உள்ளது' என்று எழுதிக்கொண்டார்.

"கேபிள் எங்க சார்?" என்றார் காயில்காரர்.

அதற்கும் அழைத்துப் போனார். ஊருக்கு வெளியே, வாய்க்கால் பாலத்துக்கு அடியில், கட்டைவிரல் தடிமனில் ஒரு கருப்புக் கேபிள் மண்ணிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே சுருண்டு படுத்திருந்தது. அதிலும் கருவியை மாட்டினார். கருவி குதூகலமாகக் கூவியது.

"நூறு!" என்றார் ஆய்வாளர். "பிரமாதமான வேகம் சார். 'கேபிள்: உள்ளது'."

"ஆனா கேபிள் பெட்டி வரைக்கும் வரலையே சார். நடுவுல நானூறு அடி இருக்கே?"

"அது இடைவெளி. கேபிள் எங்க பொறுப்பு, பெட்டி எங்க பொறுப்பு. இடைவெளி எங்க துறையில வராது."

"வேற எந்தத் துறையில வரும்?"

"இடைவெளிக்குன்னு ஒரு துறை வரப்போறதா பேச்சு. வந்ததும் முதல் ஆளா விண்ணப்பம் போடுங்க."

"கம்பி இழுக்கறது எனக்குக் கைவந்த வேலை சார். நீங்க சரின்னா சாயங்காலத்துக்குள்ள நானே இழுத்து மாட்டிடறேன்."

ஆய்வாளர் ஓர் அடி பின்னால் போனார். "சார், இந்த மாதிரி பேச்சை என் காதுல போடாதீங்க. குடும்பஸ்தன் நான். அனுமதி இல்லாம இணைப்பு கொடுத்தா ரெண்டு வருஷம் உள்ள வெச்சிடுவாங்க."

பிறகு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். ஒரு முனையில் வேகம் நூறு. இன்னொரு முனையில் பூஜ்யம். கூட்டி இரண்டால் வகுத்தால் ஐம்பது. விதிப்படி இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் அதிவேகம்.

"மோட்டார்ல ஒரே ஒரு சுத்து அறுந்திருந்தாலும் அது ஓடாது சார்," என்றார் காயில்காரர் மெதுவாக. "சராசரி பார்த்தா தண்ணி வருமா?"

"அதனாலதான் சார் உங்க மோட்டார் தொழில் இன்னும் இப்படியே இருக்கு," என்று ஆய்வாளர் பரிவோடு சொல்லிவிட்டு, பாலத்துக் கட்டைமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அறிக்கை மேலே போனது. மூன்று வருடம் புகாரில்லை, ஒரே புகாரும் மகிழ்ச்சியாக முடிந்தது, ஐந்து நட்சத்திரம், வேகம் ஐம்பது. மேலே இருந்தவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த மாதமே காயில்காரரின் ஊர், நாட்டின் முன்மாதிரி அதிவேக ஊராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. விழாவுக்கு இணை இயக்குநர் நேரில் வருவார், தலைமை இயக்குநர் தலைநகரத்திலிருந்து திரையில் நேரலையாகப் பேசுவார் என்று தபாலில் கடிதம் வந்தது. மின்னஞ்சலில் ஏன் அனுப்பவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

விழாவுக்கு முதல் நாள் மதியம் ஒரு பெரிய வெள்ளை வண்டி வந்து பொதுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதன் தலையில் அண்டா மூடி மாதிரி ஒரு தட்டு, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு ஜெனரேட்டர். வண்டிக்காரர் இறங்கி ஜெனரேட்டரைக் கிளப்பினார். அது இரண்டு தடவை இருமி, புகையைக் கக்கிவிட்டு அடங்கிவிட்டது.

பத்து நிமிடத்தில் காயில்காரரைக் கூட்டிவந்துவிட்டார்கள்.

"அண்ணே, எப்படியாவது காப்பாத்துங்க," என்றார் வண்டிக்காரர். "இது ஓடலன்னா நாளைக்கு என் வேலை போயிடும்."

காயில்காரர் மூடியைக் கழற்றி மூக்கை நுழைத்து மோந்தார். ஒரு முனை தளர்ந்து, பக்கத்துச் சுற்றுகள் கருகியிருந்தன. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கருகினதை வெட்டிப் புதுக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே கேட்டார்: "இந்த வண்டி எதுக்குப்பா?"

"இது இல்லாம நேரலை எப்படிண்ணே போகும்? இந்த ஊர்லதான் நெட்டே கிடையாதே."

"இது அதிவேக ஊர்னுதானே விழா?"

"ஆமாண்ணே. இது எனக்குப் பதினாலாவது அதிவேக ஊர். எல்லா ஊருக்கும் இந்த ஒரே வண்டிதான்."

வெயில் தாழ்வதற்குள் ஜெனரேட்டர் பூனை மாதிரி உறுமியது. வண்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். காயில்காரர் வேறு எதைக் கேட்பார்? வண்டிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வண்டி இணையத்தின் கடவுச்சொல்லை அவர் காதில் சொன்னார். "ஆபீசர்ங்களுக்கு மட்டும்தான்ணே. நாளைக்குப் பத்து மணிக்குத் தட்டைப் போடுவேன். உங்களோட இருக்கட்டும்."

காயில்காரர் அதை மனைவியிடம் மட்டும் சொன்னார். மனைவி ஊர்ச் சுகாதார நிலையத்து நர்சிடம் மட்டும் சொன்னாள். நர்ஸ் மிக நம்பகமான பெண், ஊசி போட வந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னாள். அன்றைக்கு எப்போதும் இல்லாத அளவுக்குப் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் விழாவுக்கு ஊரே திரண்டிருந்தது. மேடையில் நான்கு ஆள் உயரத்துக்குத் திரை. இணை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஊர் மக்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்," என்றார். "மற்ற ஊர்க்காரர்கள் எங்களிடம் இணையம் கொடு, இணையம் கொடு என்று நச்சரிக்கிறார்கள். நீங்கள் மூன்று வருடம் வாயே திறக்கவில்லை. இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தி, அதைத் தேய்மானம் இல்லாமல் பாதுகாத்திருக்கிறீர்கள். எல்லா ஊரும் உங்களைப் போல் இருந்துவிட்டால், நாங்கள் ஒரு அங்குலம் கேபிள்கூடப் போடாமல் இந்த நாட்டையே இணைத்துவிடுவோம்!"

கைதட்டல் சுமாராகத்தான் வந்தது. கைகளில் ஃபோன் இருந்ததுதான் காரணம்.

பத்து மணிக்குத் தட்டு உயிர்பெற்றது. திரையில் தலைமை இயக்குநர் தோன்றினார். "அன்பார்ந்த மக்களே, வேகம் என்பது வெறும் வேகமல்ல" என்று ஆரம்பித்தார்.

காயில்காரர் அப்போது கூட்டத்தில் இல்லை. வண்டிக்குப் பின்னால், ஜெனரேட்டர் சூட்டில், ஒரு காலிப் பெட்டிமேல் ஃபோனைச் சாய்த்துவைத்து எதிரே குந்தியிருந்தார். படம் வந்தது. கண்ணாடி மாதிரி வந்தது. தங்கச்சியின் நெற்றியில் விழுந்திருந்த முடிகூடத் தெரிந்தது. அவள் இரண்டு கையையும் உயர்த்தி, 'அண்ணா, இளைச்சுட்டே' என்றாள். நிற்காமல், சிக்காமல், முழுசாக வந்தது. 'வழுக்கையும் விழுது' என்று அதையும் முழுசாகச் சொன்னாள்.

அவர் அழுகையும் சிரிப்புமாகக் கையை ஆட்டி, 'பையன் எங்கே?' என்றார்.

அவள் பையனைத் தூக்கி மடியில் வைத்தாள். அவன் இந்தப் பக்கம் உற்றுப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஒரு நூல் எச்சில் இறங்கியது. பிறகு இடது முஷ்டி மேலே வந்தது. காயில்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். வலது கை வந்தது. ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டத் தெரியாமல் ஐந்து விரலையும் சேர்த்து, முஷ்டியைச் சுற்றிச் சுற்றிச் சுற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. பழக்கதோஷத்தில் அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். பதினேழு சுற்று.

அதே நேரத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாடப்புத்தகம் முழுவதையும் இறக்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் பெரிய டாக்டரிடம் ஒரு கிழவரின் காலில் இருந்த புண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாள். மீதி ஊரும் அதனதன் தலைவிதிப்படி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வண்டித் தட்டு தாங்க முடிந்தவரை தாங்கியது. பிறகு மேடையில் தலைமை இயக்குநர், "இனி இந்த ஊரில் எதுவுமே நிற்" என்று சொல்லி, வாயைத் திறந்து, ஒரு விரலை உயர்த்தினபடி நின்றுபோனார்.

இணை இயக்குநருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமை இயக்குநர் நம்மைப் பார்க்கிறாரா இல்லையா என்பது அந்த முகத்தை வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுந்து நின்று கைதட்டினார். மேடையில் இருந்த அத்தனை அதிகாரிகளும் எழுந்து தட்டினார்கள். யார் முதலில் நிறுத்துவது என்ற கேள்வி வந்துவிட்டதால் யாரும் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு நிமிடம் தட்டினார்கள். அதில் ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கி, நர்ஸ் கட்டுப்போட்டாள்.

விசாரணை வராமல் இருக்குமா? வந்தது. 'முன்மாதிரி அதிவேக ஊரில் அதிவேக இணையத்தை முறைகேடாகப் பயன்படுத்தியது' என்று குற்றச்சாட்டு. முதல் குற்றவாளி காயில்காரர். வண்டிக்காரர் பெயரை அவர் சொல்லவில்லை. ஜெனரேட்டர் பழுது பார்க்கும்போது கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தேன் என்றார். கதவில் உண்மையாகவே ஒட்டியிருந்தது, அதிகாரிகள் மறந்துவிடாமல் இருக்க.

மூன்று பேர் கொண்ட குழு ஒரு புதன்கிழமை காலை பொதுக் கட்டடத்தில் உட்கார்ந்தது. தலைவர் ஓய்வுபெறப் போகிற வயதுக்காரர், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. விசாரணையை ஒரு வார்த்தை விடாமல் தலைமை அலுவலகம் நேரலையில் பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால் விசாரணை நடக்கிற நாளெல்லாம் வெள்ளை வண்டியும் வந்தாக வேண்டும். அது வந்து நின்று, தட்டை ஆகாயத்துக்குத் திருப்பியது. பழைய கடவுச்சொல்லை மாற்ற, தலைமை அலுவலகத்துக்கு இணையத்தில் விண்ணப்பம் போட வேண்டும், அது பரிசீலனையில் இருந்தது.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்றார் தலைவர். "ஒத்துக்கிட்டா எச்சரிக்கை கொடுத்துட்டு இன்னிக்கே முடிச்சுடலாம்."

காயில்காரர் வாயைத் திறந்தார். வண்டிக்காரருக்காகச் சொன்ன அந்த ஒன்றைத் தவிர அவருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. ஒத்துக்கொண்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் வந்திருந்தார். அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தார். வண்டியைச் சுற்றி ஊரே நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தது. நர்ஸ் பக்கத்தில் அந்தக் கிழவர் காலை நீட்டியிருக்க, ஃபோனுக்குள் பெரிய டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். புண் பாதி ஆறியிருந்தது. அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்று, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"யோசிச்சுத்தான் சொல்லணும் சார்," என்றார் காயில்காரர். "நடந்ததை முதல்லேர்ந்து சொல்றேன். மோட்டார்ல எப்படிக் காயில் கட்டறதுங்கறதுலேர்ந்து ஆரம்பிச்சாதான் உங்களுக்கு விளங்கும்."

வாழ்நாளில் பத்து வார்த்தை தாண்டாத மனிதர் அன்றைக்கு மூன்று மணி நேரம் பேசினார். மதியம் ஆனபோது முதல் காயிலில் பாதிதான் முடிந்திருந்தது. அடுத்த புதன் மீதி. அதற்கடுத்த புதன் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, ஒத்திவைத்தார்கள்.

நான்காம் புதன்கிழமை, மற்ற இரண்டு உறுப்பினர்களும் டீ குடிக்கப் போன நேரத்தில், தலைவர் காயில்காரரைப் பக்கத்தில் வரச் சொன்னார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அந்தக் கடவுச்சொல் என்ன?"

"சாட்சியத்துக்கா சார்?"

"இல்ல." தலைவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "என் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. பேத்தி பிறந்து ஆறு மாசமாச்சு. எங்க வீட்ல படம் நகர மாட்டேங்குது. எங்க ஊரும் பச்சைதான்."

காயில்காரர் சொன்னார். தலைவர் எழுதிக்கொண்டார். உறுப்பினர்கள் திரும்பி வந்ததும், சிரிப்பே இல்லாத அதே முகத்தோடு, இந்த வழக்கின் தீவிரத்தைக் கருதி ஊரில் இருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் தனித்தனியாக விசாரிக்கப் போவதாகவும், வாரம் ஒருவருக்கு மேல் விசாரித்தால் நீதிக்கு அவசரம் வந்துவிடும் என்றும் பதிவுசெய்யச் சொன்னார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் கிழக்குப் பக்கத்துக்குப் போனார்.

காயில்காரர் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். தங்கச்சி வந்தாள். பையன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு காலில் ஆடிக்கொண்டிருந்தான்.

'வழக்கு எப்படிப் போகுது?' என்று கையால் கேட்டாள், கவலையோடு.

'ரொம்ப நல்லாப் போகுது,' என்றார் அவர். 'முடியற மாதிரியே தெரியல.'